மானுக்கு விண்ணப்பித்த அக்கா

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அக்காவிடம் இரண்டு கலண்டர்கள் இருந்தன. ஒன்று சாமியறையில். கோயிலில் கொடுத்தது, விரத நாளெல்லாம் சிவப்பில் இருக்கும். மற்றது குசினியில், அடுப்புக்கு மேலே. வேட்டைக்காரருக்கென்று அச்சடித்தது, எந்த மாதம் எந்த மிருகத்தைச் சுடலாம், நிலவு எத்தனை மணிக்கு எழும்பும் என்பதெல்லாம் பச்சையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்த ஒரு சுவர் அக்காவைப் படுத்திய பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். இன்னொன்றும் வரும். அந்த இன்னொன்றுக்கு என்ன பெயர் என்று தெரியாது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் சனம் செய்யாத வேலை இல்லை. ஆனால் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, துவக்கு வாங்கி, பச்சைத் தொப்பியோடு காட்டுக்குப் போகிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளை எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஐம்பது தாண்டியவர், கலியாணம் கட்டாதவர். முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கிற வேலை. சனம் சும்மா இருக்குமா? "அவ முந்தி அங்கை..." என்று தொடங்கி, இயக்கத்தில் இருந்தவர் என்ற மிச்சத்தைக் கண்ணால் சொல்லி முடிப்பார்கள். நான் அப்படிச் சுற்றி வளைக்கிறவன் இல்லை. ஒருநாள் படிக்கட்டில் மறித்து நேராகவே கேட்டேன், துவக்கு எங்கே பழகினீர்கள் என்று.

அக்கா கோபிக்கவில்லை. நாற்பத்திநாலு வயதில், பக்கத்துக் கிராமத்துச் சூட்டுக் கழகத்தில், ஒரு இறைச்சிக்கடைக்காரருக்கும் ஒரு பல்வைத்தியருக்கும் நடுவில் நின்று பழகியதாகச் சொன்னார். சூட்டுப் பரீட்சையில் இரண்டு தரம் பெயிலாம். மூன்றாம் தரம் பாஸ் பண்ணியபோது பரீட்சை வைத்தவரே கைதட்டினாராம்.

"ஊரிலை நான் பிடிச்ச ஒரே ஆயுதம் தேங்காய் திருவுற திருவலைதான்டா தம்பி," என்றார். "அதிலையும் கையை வெட்டிப்போட்டன்."

அக்காவுக்கு எங்கள் ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் காணியில் சின்ன மானும் பன்றியும் சுட அனுமதி இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. அவர் கண் வைத்தது செம்மானில். எங்கள் வன்னி மரையைப் போல உடம்பு, தலையில் ஒரு பட்ட மரத்தையே கழற்றி வைத்தது போலக் கொம்பு. அந்தக் கொம்பன் எங்கள் பக்கத்தில் கிடையாது. வேறு மாநிலத்தில், ஹார்ட்ஸ் மலைக் காட்டில் நிற்கிறது. அங்கே வெளிமாநிலத்தாருக்கு வருடத்துக்கு இரண்டே இரண்டு அனுமதிச் சீட்டுத்தான். கேட்கிறவர்களோ ஒரு கல்யாண மண்டபம் கொள்ளாத சனம். பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அக்கா ஆறு வருடம் கேட்டார். ஆறு வருடமும் "இம்முறை இல்லை" என்று கடிதம் வந்தது. அந்த ஆறு கடிதத்தையும் பொலித்தீன் உறைகளில் போட்டு ஒரு கோப்பில் வைத்திருந்தார், ஏதோ பட்டம் வாங்கியது போல.

அவருடைய குசினி மேசையைப் பார்க்கவேண்டும். தை மாதமே அதில் காட்டின் வரைபடம் விரிந்துவிடும். எந்த ரயில் தவறினால் எந்த ரயில், எந்தப் பக்கக் காற்றடித்தால் எந்தப் பரண், கொம்பன் விழுந்தால் இறைச்சியைக் குளிரவைக்க எந்தக் கடை, எல்லாம் எழுதி இருக்கும். சீட்டே கையில் இல்லை. இறைச்சிக்கு இடம் பார்த்து வைத்திருப்பார். விண்ணப்பத்தை, அவர் பாஷையில் அன்ட்ராக்கை, கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே பதிவுத்தபாலில் அனுப்பிவிடுவார்.

"கடுதாசி சரியெண்டா மிருகம் தானா வரும்" என்பது அவர் வேதவாக்கு. கடுதாசி சரியாய்த்தான் இருந்தது, மிருகத்துக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நான் சொல்லுவேன். அவர் துடைப்பத்தைத் தேடுவார்.

ஒருமுறை எனக்குக் குரங்குப் புத்தி முற்றிவிட்டது. சீட்டுக் கொடுக்கிற காட்டுத் திணைக்களம் எழுதியது போல ஒரு கடிதம் ஜெர்மனில் தட்டினேன். "மதிப்புக்குரிய அம்மணி, இம்முறை செம்மான் கைவசம் இல்லை, பதிலாக உங்களுக்கு ஒரு கங்காரு வழங்கத் தீர்மானித்துள்ளோம்." நீல உறையில் போட்டு அவருடைய தபால்பெட்டியில் செருகினேன். இரண்டு நாளாக மேலே சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலை என் கதவுக்குக் கீழே அதே கடிதம் கிடந்தது. என் ஜெர்மனில் இருந்த பிழையெல்லாம் சிவப்பு மையால் திருத்தப்பட்டு, கீழே குறிப்பு: திகதி இல்லை, கையொப்பம் இல்லை, மிருகத்தின் வயது குறிப்பிடப்படவில்லை, ஆகவே நிராகரிக்கப்பட்டது, ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். நான் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பிழை.

அக்காவுக்கு இந்தக் கடுதாசிப் பயித்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள்தான் சொன்னார். அதையும் நான் கிண்டல் பண்ணப் போய்த்தான் சொன்னார். ஒரு மானுக்காக இன்னொரு மாநிலத்திடம் ஆறு வருடம் கெஞ்சுகிற ஆளை நான் கண்டதே இல்லை என்றேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசினார். அகதியாக வந்த நாளில் அவர்களுக்கு மாவட்ட எல்லை தாண்ட அனுமதி இல்லையாம். தாண்டவேண்டுமென்றால் எழுதிக் கேட்கவேண்டும். ஸ்டுட்கார்ட்டில் தங்கச்சிக்குக் கலியாணம். கூடப்பிறந்தது அது ஒன்றுதான். அக்கா போவதற்கு எழுதிக் கேட்டார். ஒரு நாள் பிந்திவிட்டது. ஒரே ஒரு நாள். அனுமதி கொடுக்கிற கந்தோரில் இருந்த பெண் நல்ல பெண்தானாம், அவளுக்கும் கவலைதானாம், ஆனால் சட்டம் சட்டம் என்றாளாம். தங்கச்சிக்குத் தாலி ஏறிய நேரம் அக்கா இங்கே முகாம் அறையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்டைக்கு முடிவெடுத்தனான்," என்றார். "இனி என்ர கடுதாசியிலை ஒருத்தரும் பிழை பிடிக்க ஏலாது."

கண்ணில் தண்ணீர். வெங்காயமா என்று கேட்க வாய் வந்தது. மிச்ச வெங்காயத்தை வாங்கி நான் வெட்டினேன்.

இப்போது அக்கா எங்கள் மேல்மாடியில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஹார்ட்ஸ் மலை அடிவாரத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாநிலத்துக்காரருக்குத் தனிப்பங்கு உண்டாம். வெளியாளாய்க் கேட்டுக் களைத்த மனுசி உள்ளாளாகவே மாறிவிட்டார். அதற்கும் ஒரு அன்ட்ராக் எழுதியிருப்பார். அவர் போவதற்கு முந்திய வருடம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அந்த ஏழாவது வருடம் அக்கா ஒரு தந்திரம் செய்தார். கொம்பன் காட்டில் நின்று கத்துகிற புரட்டாசி மாதக் கிழமைகளைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கத்தலைக் கேட்கவே ஆசைப்பட்டு வருவார்கள். அக்கா யாரும் கேட்காத கிழமையைக் கேட்டார். கத்தல் ஓய்ந்த பிறகு, ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த ஏழு நாள். நிலவில்லாத நாட்களில் மிருகம் இருட்டில் மேயப் பயந்து வெளிச்சத்தில் வெளியே வரும் என்பது வேட்டைக்காரர் கணக்கு. குசினிக் கலண்டரில் வட்டம் போட்டு, விண்ணப்பத்தில் எழுதி அனுப்பினார்.

தந்திரம் பலித்தது. வைகாசியில் கடிதம் வந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட கொம்பன் ஒன்று. ஏழு நாள், ஏழாம் நாள் மத்தியானம் வரை. அக்கா படியிறங்கி வந்து அம்மாவுக்குச் சீனி கொடுத்தார். அம்மா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் திகதியைப் பார்த்தார். எங்கள் சாமிப்படத்துப் பக்கமாகத் திரும்பி எங்கள் கோயில் கலண்டரையும் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் அம்மா. "இது கந்தசஷ்டியெல்லோ."

ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கி ஆறு நாள் முருகனுக்கு விரதம். பதினைந்து வருடமாக அக்கா ஒரு வருடமும் விடாமல் பிடிக்கிற விரதம். பாலும் பழமும் மட்டும், கடைசி நாள் அதுவும் இல்லை. ஒரே அமாவாசை. ஒரு சுவரில் அது மிருகம் வெளியே வரும் காலம். மறு சுவரில் அது இறைச்சி என்ற சொல்லையே வாயில் எடுக்காத காலம். ஒரு வருடத் திட்டத்தில் காற்றுப் பார்த்தவர், ரயில் பார்த்தவர், அடுத்த அறைக்குப் போய் மற்றக் கலண்டரைப் பார்க்கவில்லை.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததில்லை. அக்கா சிரிக்கவில்லை. விட்டால் சீட்டு இன்னொருவருக்குப் போகும். பிறகு ஐந்து வருடத்துக்கு அவர் பெயரைக் குலுக்கலிலேயே போடமாட்டார்கள். அதுதான் விதி. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியாகிவிட்டது. சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"முருகனே வேடன் வேசம் போட்டுத்தானே அக்கா வள்ளியைப் பிடிச்சவர். ஆறாம் நாள் சூரனையும் முடிச்சவர். நீங்கள் ஒரு மானை முடிச்சாக் கோவிப்பாரோ?"

"வள்ளியைப் பெத்தது ஆர்?"

வேடர் ராசாதானே என்றேன்.

"ஒரு மான்," என்றார் அக்கா. "முருகன்ர மாமியார் வீட்டுச் சனத்தை அவரின்ர விரதத்திலையே சுடச் சொல்லுறியோ?"

அன்று பின்னேரமே குசினி மேசையில் உட்கார்ந்து காட்டுத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனில் கந்தசஷ்டி, ஒன்றரைப் பக்கம். சூரன் யார், ஏன் ஆறு நாள், ஏன் அமாவாசை. ஒரு கிழமை தள்ளித் தரமுடியுமா என்று கேட்டார். தரமுடியாவிட்டால், முதல் ஆறு நாளும் துவக்கில்லாமல் வந்து பார்ப்பேன், ஏழாம் நாள் சூரியன் உதித்து, பாரணைச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடித்த பிறகே துவக்கை எடுப்பேன், இதை அறியத் தருகிறேன் என்று முடித்து, கையொப்பமிட்டு, திகதி போட்டார்.

பதில் தொலைபேசியில் வந்தது. அந்தக் காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி, வயதான மனுசன், தானே எடுத்தார். கிழமையை மாற்ற வழியில்லை, ஆனால் ஆறு நாள் சுடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சம்மதிக்கிற வேட்டைக்காரரைத் தான் முப்பது வருடத்தில் கண்டதில்லை, கட்டாயம் வாருங்கள் என்றாராம்.

ஐப்பசியில் அக்கா போனார். ஐந்தாம் நாள் பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அன்று பரணின் ஏணியில் கால் தடுமாறியதாம், அதிகாரி கண்டுவிட்டாராம். ஆறு நாள் வெறும் வயிற்றோடு இருக்கிற ஆளைத் துவக்கோடு தனியாக மேலே ஏற விடமாட்டேன், உங்கள் பாஷை பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"உன்னைத்தான் எனக்குத் தெரியும், வெக்கமில்லாமல் பொய் சொல்லி லீவு எடுக்கிற ஆள்," என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பல்லுவலி என்று வேலைக்குச் சொல்லிவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த பூசணிக்காய், கத்தரிக்காய், வாழையிலைத் துண்டோடு காரை எடுத்தேன்.

அந்தக் காட்டைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. மலை முழுக்கச் செத்த மரம். பட்டையில் வண்டு விழுந்து, சாம்பல் நிறத்தில், நட்டு வைத்த எலும்பு போல நிற்கிறது. அக்கா அதற்குள் ஐந்து நாளும் இருந்திருக்கிறார், ஒரு தூரக்கண்ணாடியும் கொப்பியுமாய். கொம்பன் எந்த இடுக்கால் வருகிறது, எந்தக் காலைச் சாய்க்கிறது, எத்தனை மணிக்கு மறைகிறது. ஐந்து நாளும் கல்லெறி தூரத்தில் நின்றதாம். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, தான் அந்தப் பெண்மணிக்கு முன்னால் தன் சொசேஜ் வைத்த பாணைச் சாப்பிடலாமா என்று கேட்டார். ஐந்து நாளாகக் காருக்குப் பின்னால் ஒளிந்து நின்று சாப்பிட்டிருக்கிறார்.

ஏழாம் நாள் விடிய முன் அக்கா முழுகி, வாடகை அறைக் குசினியில் சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் சமைத்து, தீப்பெட்டியளவு முருகன் படத்துக்கு முன் படைத்து, பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். சூரியன் உதிக்கும் நேரம் கோயில் கலண்டரில் ஹம்முக்குத்தான் போட்டிருக்கிறது. இந்த மலை கிழக்கே இருப்பதால் அதைக் கழித்துப் பார்த்து ஒரு கடுதாசித் துண்டில் எழுதி வைத்திருந்தார்: ஏழு பதினேழு.

பரண் என்பது நாலு காலில் நிற்கிற ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு பலகை. அதில் அதிகாரி, அக்கா, நான், என் மடியில் சோற்றுப்பெட்டி. வாயைத் திறந்தால் வீட்டுக்கு நடந்து போவாய் என்று அக்கா சொல்லியிருந்தார்.

ஏழு நாலுக்குக் கொம்பன் வந்தது.

பெரிய கொம்பு. ஆனால் உடம்பைப் பார்க்க எனக்குப் பாவமாய் இருந்தது. விலா தெரிந்தது, வயிறு ஒட்டிக் கிடந்தது. கத்துகிற ஒரு மாதமும் கொம்பன் புல்லைத் தொடாது, சண்டையும் ஓட்டமும்தான் என்று அதிகாரி முந்தின நாள் சொல்லியிருந்தார். அவர் அக்காவின் முழங்கையைத் தொட்டார். அதுதான், வயது சரி, இப்போது என்று அர்த்தம். அக்கா துவக்கைச் சட்டத்தில் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

பதின்மூன்று நிமிடம்.

அதிகாரி திரும்பவும் தொட்டார். அக்கா தலையை ஆட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் "சூரியன்" என்று ஜெர்மனில் உதட்டால் சொன்னேன். அவர் கடிதத்தை நினைத்துக்கொண்டார் போல, கண்ணை மூடிக்கொண்டார். கொம்பன் மேய்ந்துகொண்டே மெல்ல மெல்ல அடர்ந்த பற்றைப் பக்கமாய் நகர்ந்தது. பற்றைக்குள் போனால் பின்னேரம்தான் வரும். சீட்டு மத்தியானத்தோடு முடியும். ஏழு வருடம் எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு அடியாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஏழு வருடமும் இந்த மான் கிடைக்காது என்று பகிடி விட்டவன் நான். எனக்கே பொறுக்கவில்லை. அவர் காதுக்குள் சொன்னேன்.

"அக்கா, ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் திரும்பவில்லை.

"எழுதிக் குடுத்திட்டன்டா."

ஏழு பதினேழு. மேகத்துக்குப் பின்னால் சூரியனைக் காணவே இல்லை. அக்கா கையை நீட்டினார். பெட்டியைத் திறந்தேன். பருப்பு வாசம் எழும்பியபோது காட்டில் உள்ள அத்தனை மானும் ஓடப்போகிறது என்று நினைத்தேன். அக்கா ஒரு பிடி குழைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் முருகா என்று சொல்லி, சாப்பிட்டார். அவசரப்படவில்லை, சப்பித்தான் விழுங்கினார். அக்கா விரலைச் சால்வையில் வடிவாகத் துடைத்து, துவக்கை எடுத்தார். கொம்பன் பற்றைக்கு இரண்டடி முன்னால் தலையைத் தூக்கி, ஏதோ மணந்ததுபோல எங்கள் பக்கம் பார்த்துப் பக்கவாட்டில் நின்றது.

ஒரு வெடி.

வழக்கப்படி பத்து நிமிடம் பொறுத்து இறங்கிப் போனோம். நின்ற இடத்திலேயே கிடந்தது. அதிகாரி சுற்றுமுற்றும் தேடினார். விழுந்த மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கொப்பு வைப்பது இந்த நாட்டு வேட்டைக்காரரின் முறை. அதற்குக் கடைசிவாய்ச் சாப்பாடு என்று பெயர். செத்த காட்டில் பச்சைக்கு எங்கே போவது? அக்கா நேராக ஒரு பெரிய கட்டைக்குப் பின்னால் போனார். அங்கே முழங்காலளவு இளம் மரக்கன்று ஒன்று நின்றது. மூன்றாம் நாளே பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்திருந்தாராம். ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்தார். அதிகாரி கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தானே குந்தி இருந்து, ஒட்டிய வயிற்றை ஒருமுறை தடவி, கொப்பை அதன் வாயில் வைத்தார்.

"சாப்பிடு ராசா," என்றார். "உன்ர விரதமும் முடிஞ்சுது."

என்ன சொன்னார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். எனக்குத் தமிழும் அரை, ஜெர்மனும் அரை. விரதத்துக்குச் சொல் வரவில்லை. ஜெர்மன்காரர் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்வார்களே, நல்லாய்ச் சாப்பிடுங்கள் என்று, அதைத்தான் சொன்னேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். கொம்பனைப் பார்த்து, அதே சொல்லை மெதுவாய்த் தானும் ஒருமுறை சொன்னார்.